பிஷ்லர் வீட்டாரின் பெட்டி

ட்வெய்ட்டா, ஒஸ்லோ
27.08.2006

அன்புத் தம்பி குலேந்திரனுக்கு,

நீயும் யோகாவும் பிள்ளை சுபேசனும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று நல்லூரானைக் கேட்டபடி அக்கா எழுதுகிறேன். இங்கே நானும் மகள் கம்சாயினியும் சுகம். அத்தானுக்கு மட்டும் இடுப்பு வலி, குனிந்தால் நிமிர முடியவில்லை.

சண்டை தொடங்கி யாழ்ப்பாணப் பாதை பூட்டியதிலிருந்து உங்களோடு கதைக்க எத்தனையோ தரம் முயன்றுவிட்டேன். ஒரு பெண் குரல் சிங்களத்தில் ஏதோ சொல்லிவிட்டு அறுந்துபோகிறது. கடிதங்கள் விமானத்தில் போகின்றன என்று இங்கே சொன்னார்கள். எப்போது கிடைத்தாலும் உடனே பதில் போடு. நீ வேலை செய்யும் கூட்டுறவுச் சங்கக்கடையில் சாமான் இருக்கிறதா? சுபேசனுக்குப் பல்கலைக்கழகம் நடக்கிறதா? அவனை வெளியே திரியவிடாதே.

எனக்கு இப்போது ஒஸ்லோவின் குறொன்லாண்ட் பகுதியில் ஒரு வயதான பெண்ணின் வீட்டில் வேலை. பெயர் போர்கில்ட். எழுபத்தாறு வயது, கலியாணம் செய்யாதவர். பிறந்த வீட்டிலேயே, மூன்றாம் மாடியில், இன்னும் இருக்கிறார். கீழே பாகிஸ்தான்காரரின் கடை. ஜன்னலைத் திறந்தால் கொத்தமல்லி மணக்கும். குளிக்க வார்த்து, சமைத்து, மருந்து எடுத்துக் கொடுப்பேன். நல்ல மனுசி. ஆனால் கதவு மணி அடித்தால் முகம் வெளிறிவிடும். வாயில் விரலை வைத்து என்னையும் பேசவிடமாட்டார். அடித்தவர் படியிறங்கிப் போன பிறகுதான் மூச்சு விடுவார்.

போன கிழமை கேட்டுவிட்டேன். "என்னத்துக்கு இப்பிடிப் பயப்பிடுறியள்?"

என்னைப் படுக்கையறைக்குக் கூட்டிப்போய், அலுமாரிக்குப் பின்னாலிருந்த ஒரு மண்ணிறத் தோல் பெட்டியைக் காட்டினார். இவர் சிறுபிள்ளையாக இருந்தபோது எதிர் வீட்டில் பிஷ்லர் என்றொரு யூதக் குடும்பம் இருந்ததாம். வியன்னாவிலிருந்து நாஜிகள் துரத்த, நோர்வேக்கு அகதியாக வந்தவர்கள். தகப்பன் தையற்காரர். தாய் கேர்ட்டா. ஏழு வயது மகள் ஈவா. பிறகு ஜேர்மன்காரர் இங்கேயும் வந்துவிட்டார்கள். நாற்பத்திரண்டாம் ஆண்டு இலையுதிர் காலத்தில் தகப்பனைப் பொலிஸ் பிடித்துக்கொண்டு போனது. அடுத்தது தாயும் மகளும்தான் என்று தெரிந்ததும் கேர்ட்டா இந்தப் பெட்டியோடு வந்து கதவைத் தட்டி, போர்கில்டின் தாயிடம் "நாங்கள் வருமட்டும் வைச்சிருங்கோ" என்று கொடுத்துவிட்டுப் போனாளாம்.

பொலிஸ் வீடு வீடாக விசாரித்தது. யூதரின் பொருளை ஒளித்தால் மறியலில் போட்டுப் பூட்டுவார்கள். அன்று போர்கில்டின் தாய் வேலைக்குப் போயிருந்தாள். கதவைத் திறந்தது பன்னிரண்டு வயதுப் போர்கில்ட். "எதிர் வீட்டாரின்ர சாமான் ஏதும் இருக்கோ?" என்று கேட்டார்களாம். "ஒண்டும் இல்லை" என்றாளாம். பெட்டி கட்டிலுக்குக் கீழே. அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் விடவில்லை. அந்தத் தாயும் மகளும் தப்பினார்களா, அகப்பட்டார்களா, இவருக்குத் தெரியாது.

இதைக் கேட்டுவிட்டு வீட்டுக்கு வந்தால் எனக்கு உங்கள் நினைவுதான். பதில் போடு தம்பி. யோகாவுக்கும் சுபேசனுக்கும் என் முத்தங்கள்.

உன் அக்கா
சிவநாயகி


கொக்குவில்
30.09.2006

பாசமுள்ள அக்காவுக்கு,

உங்கள் கடிதம் நேற்றுக் கிடைத்தது. நாங்கள் மூவரும் உயிரும் உடலுமாக இருக்கிறோம். அத்தானுக்கு வேப்பெண்ணெய் பூசி வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள். அங்கே வேப்பெண்ணெய் கிடைக்காவிட்டால் வெந்நீராவது.

இங்கே சீனி, மண்ணெண்ணெய், மா எல்லாம் அளந்துதான். விடியமுன் கடை வாசலில் சனம் வந்துவிடும். ஊரடங்கு எடுத்ததும் ஓடிவந்து வரிசையில் நிற்பார்கள். இல்லை என்று சொல்ல வேண்டியவன் நான். தெரிந்த முகங்களுக்கு இல்லை என்று சொல்லிச் சொல்லி நாக்குக் கசந்துவிட்டது.

பல்கலைக்கழகம் பூட்டித்தான். சுபேசன் வீட்டில் இருந்து பாடங்களைப் பார்க்கிறான். கிணற்றடியில் நின்று பாட்டுப் பாடுவான். "சத்தம் போடாதை" என்று யோகா உள்ளே இருந்து கத்துவாள். அவ்வளவுதான் எங்கள் வீட்டு விசேஷம்.

அந்தப் பெட்டிக் கதையை யோகாவுக்கும் பிள்ளைக்கும் வாசித்துக் காட்டினேன். சுபேசன் ஒரு கேள்வி கேட்டான்: "சண்டை முடிஞ்சு இவ்வளவு காலத்துக்குள்ள அந்த மனுசி ஏன் அவையளைத் தேடேல்லை?" உங்களுக்குத் தெரிந்தால் எழுதுங்கள்.

குளிர் தொடங்கும் காலம், உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். மருமகள் கம்சாயினிக்கு மாமாவின் அன்பு.

இப்படிக்கு
தம்பி குலேந்திரன்


ட்வெய்ட்டா
29.10.2006

என் அன்புத் தம்பிக்கு,

உன் எழுத்தைக் கண்டதும் தாழ்வாரத்தில் நின்றபடியே வாசித்தேன். சுகமாக இருக்கிறீர்கள் என்பது போதும். எங்களுக்கும் உடம்புக்கு ஒன்றுமில்லை, மனதுக்குத்தான்.

சென்ற மாதம் இங்கே யூதரின் கோயிலை நோக்கி யாரோ துப்பாக்கியால் சுட்டார்கள். ஒருவருக்கும் காயமில்லை. ஆனால் ரெலிவிஷனில் சுவரில் விழுந்த சூட்டைக் காட்டக் காட்டப் போர்கில்ட் நடுங்கத் தொடங்கிவிட்டார். அன்று நான் போனபோது கதவைத் திறக்கவேயில்லை. என் குரலைக் கேட்ட பிறகுதான் சங்கிலியைக் கழற்றினார்.

"திரும்பவும் வந்திட்டாங்கள். இந்தப் பெட்டியை இஞ்சையிருந்து கொண்டுபோ."

"நான் எங்கை கொண்டுபோறது? எங்கட வேலையில ஒரு கரண்டிகூட வாங்கக்கூடாது."

"உன்ர வீட்டை ஆரும் தேடி வரமாட்டாங்கள். உனக்குக் கும்பிட்டுக் கேக்கிறன்."

இவ்வளவு வயது போனவர் என் இரண்டு கையையும் பிடித்தார். மாட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை. பெட்டியைக் கறுப்புப் பைக்குள் வைத்து, மேலே குறொன்லாண்டில் வாங்கிய முருங்கைக்காயும் கீரையும் போட்டு மூடி, நிலக்கீழ் ரயிலில் ஏறினேன். ஏறின நேரம் தொடங்கி எல்லோரும் என் பையையே பார்ப்பதுபோல் இருந்தது. எழுபத்தேழுக் கலவரத்தில் கொழும்பிலிருந்து யாழ்ப்பாணத்துக்குக் கப்பலில் வந்தோமே, அம்மா தாலிக்கொடியைப் பாண் துண்டுக்குள் வைத்துக்கொண்டு. நானும் பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் மூடிக்கொண்டேன்.

அத்தான் கண்டபடி பேசினார். "பொலிஸ் வந்தா என்ன சொல்லப்போறாய்? களவெண்டுதானே நினைப்பாங்கள். முப்பது வருசமாக் கட்டின பேர் ஒரு நாளில போயிடும்." இந்த நாட்டுக்கு வந்து முப்பது வருடம் ஆகவில்லை, பயத்தில் வருடமும் கூடிவிட்டது அவருக்கு.

பெட்டியைக் கம்சாயினிதான் திறந்தாள். வெள்ளி விளக்குத் தண்டுகள் இரண்டு. ஒரு கிண்ணம். ஓரத்தில் நீலநூலால் எழுத்துத் தைத்த வெள்ளைத் துணி. கோபுரம்போல் ஒரு சின்ன வெள்ளிச் செப்பு. அதன் கதவைத் திறந்தேன் தம்பி, கராம்பு மணந்தது! அறுபது வருடத்துக் கராம்பு. சனிக்கிழமை ஓய்வு நாள் முடியும்போது வாசனை பிடிப்பதற்கு வைத்திருப்பார்களாம். அடியில் ஒரு படம். தொப்பி போட்ட தகப்பன், தாய், நடுவில் பல் விழுந்த பிள்ளை. பிள்ளை மட்டும் சிரிக்கிறது.

இப்போது அது எங்கள் கட்டிலுக்குக் கீழே இருக்கிறது. நான் மேலே படுத்திருக்கிறேன்.

சுபேசனின் கேள்வியைப் போர்கில்டிடம் கேட்டேன். எழும்பிப் போய் ஜன்னலைச் சாத்தினார். பிறகு, "கேட்டாப் பதில் வந்திடும்" என்றார்.

பிள்ளையைக் கவனமாகப் பார். உடனே எழுது.

அக்கா


கொக்குவில்
03.12.2006

அன்பு அக்காவுக்கு,

நீங்கள் எல்லோரும் நலம் என்று அறிந்து ஆறுதல். நாங்களும் அவ்விதமே.

உங்கள் கடிதம் பிரித்து ஒட்டப்பட்டு வந்தது. அதனால் இனிப் பெரிதாக ஒன்றும் எழுத வேண்டாம். வானிலை எழுதுங்கள். பனி எவ்வளவு என்று எழுதுங்கள்.

பிறத்தியாரின் பொருள் நெருப்பு மாதிரி. அத்தான் சொல்வது சரி. அதை உரியவர்களிடமோ, அந்த மூதாட்டியிடமோ கொடுத்துவிடுங்கள். உங்களுக்கு ஒன்று நடந்தால் ஓடிவர எங்களால் முடியாது.

மழை நல்ல மழை. கிணறு நிரம்பி வழிகிறது. யோகா இப்போது ஒரு சுண்டு அரிசிதான் போடுகிறாள். அவளுக்கும் சாப்பாட்டில் பெரிய மனமில்லை.

வேறு விசேஷமில்லை.

தம்பி


ட்வெய்ட்டா
31.12.2006

அன்புள்ள தம்பி,

புது வருடம் உங்கள் வீட்டுக்கு நல்லதைக் கொண்டுவரட்டும். யோகாவுக்கு என்ன, காய்ச்சலா? மூன்று பேர் இருக்கும் வீட்டில் ஒரு சுண்டு அரிசி எப்படிப் போதும்? அதுவும் சுபேசன் சாப்பிடும் சாப்பாட்டுக்கு! கடிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். அவன் பெயர் எங்கும் இல்லை. அவனை இரண்டு வரி எழுதச் சொல். கம்சாயினியும் கேட்டபடி.

நீ வானிலை எழுதச் சொன்னாய். பனி முழங்காலளவு. ஆனால் அதை மட்டும் எழுத என்னால் முடியவில்லை, மன்னித்துக்கொள்.

போர்கில்டின் தமக்கையின் மகன் நத்தார்ப் பண்டிகைக்கு வந்திருந்தான். நாற்பது வயது, நல்ல உடுப்பு. அவருக்கு இனித் தனியே இருக்க ஏலாது, முதியோர் இல்லத்துக்கு மாற்றி வீட்டை விற்க வேண்டும் என்று நிற்கிறான். வீட்டைச் சுற்றிப் பார்த்தவன் அலுமாரிக்குப் பின்னாலும் பார்த்தான்.

"இஞ்சை ஒரு பெட்டி இருந்தது. வெள்ளிச் சாமான். சின்னனில நான் கண்டனான். எங்கை?"

நான் போர்கில்டைப் பார்த்தேன். அவர் சொன்னால் முடிந்துவிடும். "நான்தான் கொடுத்தனான்" என்று ஒரு சொல். அவர் கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு, கண்ணை எங்கேயோ வைத்துக்கொண்டு, "ஒண்டும் இல்லை. இஞ்சை ஒண்டும் இல்லை" என்றார். பன்னிரண்டு வயதில் சொன்ன அதே சொல்தான். அதைச் சொன்ன குரலும் சிறுபிள்ளையின் குரல்தான்.

அவன் திரும்பி என்னைப் பார்த்தான். நான் பாத்திரத்தைக் கழுவிக்கொண்டே இருந்தேன். கழுவின பாத்திரத்தையே திரும்பக் கழுவினேன்.

பெருநாள் முடிந்ததும் எங்களை வீட்டு வேலைக்கு அனுப்பும் அலுவலகத்திலிருந்து அழைப்பு. தை மாதம் வந்து விளக்கம் சொல்ல வேண்டும். வேலை செய்யும் வீட்டில் பொருள் காணாமல் போயிருக்கிறது என்று முறைப்பாடாம்.

அத்தான் சொல்கிறார், பெட்டியை அந்தத் தமக்கை மகனிடம் கொடுத்துவிடு, கதை முடியும் என்று. கொடுத்தால் அவன் விற்றுவிடுவான். கம்சாயினி சொல்கிறாள், "அம்மா, அந்த ஆக்களைத் தேடுவம். ஈவா உயிரோடை இருந்தா எழுபது வயசுதானே" என்று. நான் போர்கில்டிடம் கேட்டேன், தேடட்டுமா என்று. "வேண்டாம்! வேண்டாம்! இவ்வளவு நாளும் அவை வந்துகொண்டு இருக்கினம் எண்டுதான் நான் இருக்கிறன்" என்று அழுதார்.

என்ன செய்யட்டும் தம்பி? நீ அருகில் இருந்தால் கேட்பேன். சுபேசனைப் பற்றி எழுது.

உன் பதிலைப் பார்த்திருக்கும்
அக்கா


ட்வெய்ட்டா
18.02.2007

என் தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. கடிதம் காணாமல் போயிருக்கும், நீங்கள் நலமாகத்தான் இருப்பீர்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு இதை எழுதுகிறேன். இங்கே தமிழ்க் கடையில் ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் இளம் பெடியளை வாகனத்தில் ஏற்றிக்கொண்டு போகிறார்களாம். நான் சாமானை அப்படியே வைத்துவிட்டு வெளியே வந்துவிட்டேன்.

அலுவலகத்துக்குப் போனேன். ஒரு மேசை, மூன்று பேர். பெட்டி எங்கே என்று கேட்டார்கள். வீட்டிலிருந்து போகும்போது இல்லை என்று சொல்வதாகத்தான் நினைத்துப் போனேன். அங்கே போனதும், "என்ர வீட்டில இருக்கு. அவ தந்தவ. வைச்சிருக்கச் சொல்லித் தந்தவ" என்று சொல்லிவிட்டேன். போர்கில்ட் அதை மறுத்திருக்கிறார் என்றார்கள். பயத்தில் மறுக்கிறார் என்றேன். எதற்குப் பயம் என்றார்கள். பொலிசுக்கு என்றேன். பெண்ணொருத்தி எழுதுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். விசாரணை முடியும்வரை வேலை இல்லை என்று அனுப்பிவிட்டார்கள்.

அதற்குப் பிறகு கம்சாயினி என்னைக் கேட்கவில்லை. தானாகவே யூதர் கோயிலுக்குப் போனாள். வாசலில் பொலிஸ் வாகனம். பையைத் திறந்து காட்டி, பெயர் சொல்லி, எதற்கு வந்தாய் என்று நூறு கேள்வி. உள்ளே ஒரு வயதான மனிதர். பிஷ்லர் என்றதும், "தையற்காரரோ? வியன்னாக்காரரோ?" என்று கேட்டாராம். அவருடைய தகப்பனுக்குக் கோட்டுத் தைத்துக் கொடுத்த மனிதராம். பிஷ்லரை மற்ற யூத ஆண்களோடு கப்பலில் ஏற்றி ஜேர்மனிக்கு அனுப்பினார்கள். அங்கேயிருந்து முகாமுக்கு. திரும்பவில்லை.

"மற்றவை?" என்று இவள் கேட்டாளாம்.

தாயும் மகளும் லொறியொன்றில் தார்ப்பாயின் கீழ்ப் படுத்து சுவீடன் எல்லையைத் தாண்டியிருக்கிறார்கள். தாய் பிறகு அங்கே செத்துப்போனாள். ஈவா சுவீடனில் யொத்தெபோர்க் நகரில் இருக்கிறாள். உயிரோடு.

தம்பி, நானும் கம்சாயினியும் சமையலறையில் ஒருவரையொருவர் பிடித்துக்கொண்டு அழுதோம். ஆனால் போர்கில்டிடம் இதை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. வந்தது பாதி நல்ல பதில், பாதி கெட்ட பதில்.

ஒரு வரியாவது எழுது. தயவுசெய்து.

அக்கா


கொக்குவில்
25.03.2007

அன்பு அக்கா,

இரண்டு கடிதமும் சேர்ந்து கிடைத்தன. சுகம். யோகாவுக்கு இரத்த அழுத்தம் கொஞ்சம் கூட. மருந்து எடுக்கிறாள்.

உங்களுக்கு வேலை போனது கவலை. ஈவா உயிரோடு இருப்பது பற்றி மகிழ்ச்சி. யோகாவுக்கு வாசித்துக் காட்டினேன். அந்த வரியைத் திரும்ப வாசிக்கச் சொன்னாள்.

ஒன்று கேட்க வேண்டும். ஈவாவைக் கண்டால் கேட்டுச் சொல்லுங்கள். ஒரு பொருளை மற்றவர் கையில் கொடுத்துவிட்டுப் போன அவள் தாய், அதற்குப் பிறகு நித்திரை கொண்டாளா?

இங்கே வெயில் தொடங்கிவிட்டது.

தம்பி


ட்வெய்ட்டா
29.04.2007

அன்புத் தம்பிக்கு,

யோகாவின் உடம்பு தேறியிருக்க வேண்டும் என்று வேண்டிக்கொள்கிறேன். நாங்கள் சுகம். அத்தான் நிமிர்ந்து நடக்கிறார்.

ஈவா வந்துவிட்டுப் போனாள். வெள்ளைத் தலை, சின்ன உருவம், ஊன்றுகோல். ரயில் நிலையத்துக்கு நானும் கம்சாயினியும் போனோம். ஒஸ்லோவில் கால் வைப்பது அறுபத்தைந்து வருடத்துக்குப் பிறகு இதுதான் முதல் தடவையாம். பொலிஸ்காரர் ஒருவர் எங்களைக் கடந்து போனார். சும்மா போனார். ஈவா என் முழங்கையை இறுக்கிப் பிடித்தாள்.

போர்கில்டிடம் முதல் நாளே போய்ச் சொல்லியிருந்தேன். வேலை இல்லாவிட்டாலும் சனிக்கிழமைகளில் போய்ப் பார்த்து வருகிறேன். தகப்பன் இல்லை என்றதும் தலையைக் குனிந்துகொண்டார். மகள் வருகிறாள் என்றதும், "ஆர்? அந்தச் சின்னனோ?" என்று கேட்டார். பிறகு, "பெட்டியை வாங்கி வைச்ச என்ர அம்மாவும் செத்துப்போனா, இப்ப நான் என்ன பதில் சொல்லுறது?" என்று பதற்றப்பட்டார். தன்னைக் கேள்வி கேட்க வருகிறாள் என்ற பயம். ஏன் தேடவில்லை, ஏன் அனுப்பவில்லை என்று.

பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு படியேறினேன். கதவைப் போர்கில்டே திறந்தார். இருவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். ஈவா அழவில்லை. "நீ எனக்குச் சறுக்கக் காட்டித் தந்தனி. முற்றத்துப் பனியில" என்றாள். போர்கில்ட் உடைந்துபோனார். ஏன் தேடவில்லை என்று தானே சொல்லத் தொடங்கினார். ஈவா தடுத்தாள்.

"அம்மாவும் வேணுமெண்டுதான் இதைத் தேடி வரேல்லை. அப்பா திரும்பி வந்தா முதல்ல இந்த வீட்டுக் கதவைத்தான் தட்டுவார் எண்டு சொல்லுவா. பெட்டி இருந்தா, நாங்கள் வருவம் எண்டு அவருக்குத் தெரியும். எடுத்திட்டா நாங்கள் அவரைக் கைவிட்ட மாதிரி எண்டு சொல்லுவா. சாகுமட்டும் ஒருத்தரையும் கேக்கவிடேல்லை."

அங்கேயும் ஒருத்தி, இங்கேயும் ஒருத்தி. இருவரும் கேட்கப் பயந்து ஒரு ஆயுள் முழுக்கப் பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார்கள்.

உன் கேள்வியைக் கேட்டேன். தாய் நித்திரை கொண்டாளா என்று. ஈவா என்னை வடிவாகப் பார்த்துவிட்டு, "இதை ஆர் கேக்கச் சொன்னது?" என்றாள். என் தம்பி என்றேன். "சுவீடனில அம்மா ஒவ்வொரு நாளும் வேலிப் படலையைப் பாக்கிற மாதிரிக் கதவைப் பாத்துக்கொண்டு இருப்பா. நித்திரையை நான் காணேல்லை. உங்கட தம்பி என்னத்தைக் குடுத்தவர்?" என்று கேட்டாள்.

போர்கில்ட் அலுவலகத்துக்கு உண்மையைச் சொல்லிவிட்டார். ஈவா பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொண்டு சொல்லவைத்தாள். எனக்கு எச்சரிக்கையோடு வேலை திரும்பக் கிடைத்தது, வேறு பகுதியில்.

தம்பி, இனி நான் சுற்றி வளைக்கமாட்டேன். ஆர் பிரித்து வாசித்தாலும் வாசிக்கட்டும். செப்டெம்பர்க் கடிதத்துக்குப் பிறகு நீ அவன் பெயரை ஒரு கடிதத்திலும் எழுதவில்லை. நானும் அரிசியையும் மழையையும் கேட்டுக்கொண்டு இருந்துவிட்டேன். இப்போது கேட்கிறேன். சுபேசன் எங்கே?

அக்கா


கொக்குவில்
27.05.2007

அன்பு அக்கா,

இதைத் தேவாலயத்து வின்சென்ற் சுவாமியார் கொழும்புக்குக் கொண்டுபோய்த் தபாலில் போடுவார். அதனால் எழுத முடிகிறது. முதலில், சுபேசன் உயிரோடு இருக்கிறான். இதை வாசித்துவிட்டு இருந்து ஆறுதலாக மற்றதை வாசியுங்கள்.

கார்த்திகையில் அவனோடு படிக்கும் கீர்த்தனன் பாண் வாங்கப் போனவன் திரும்பவில்லை. சைக்கிள் மதகடியில் கிடந்தது. பாண் பை அதன் கைபிடியில் தொங்கியபடி. அன்று தொடங்கி இவனை வீட்டில் வைத்திருக்கவில்லை. யோகாவின் சித்தி வீடு, பிறகு சுவாமியாரின் மேற்றிராசன விடுதி, பிறகு கடையின் பின்னறை. ஒவ்வொரு இடத்திலும் சில நாள். சனத்தைக் குறை சொல்லமாட்டேன் அக்கா. போர்கில்டின் தாய் போன்றவர்கள் இங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் பெட்டி இருமாது, தும்மாது. இவன் இருமினால் அந்த வீட்டுக்காரருக்கு முகம் வெளிறும். "அண்ணை, எங்களுக்கும் பிள்ளையள்" என்று ஒருவர் கண்கலங்கிக் கைகூப்பினார்.

தை மாதம் இரண்டு பேர் மோட்டார் சைக்கிளில் வந்து யோகாவிடம் கேட்டார்கள். "தம்பி நிக்கிறாரோ?" நல்ல தமிழில், மரியாதையாக. இல்லை என்றாள். "வந்தாச் சொல்லுங்கோ. நாங்கள் திரும்ப வருவம்" என்று படலையைச் சாத்திவிட்டுப் போனார்கள். படலையைச் சாத்திவிட்டுப் போனதுதான் எனக்கு இன்னும் குளிர்கிறது.

மாசி கடைசியில் நானே அவனைச் சைக்கிளில் ஏற்றிக்கொண்டு மனித உரிமை அலுவலகத்துக்குப் போனேன். உயிருக்குப் பயம் என்று சொல்லிச் சரணடைந்தால் நீதிமன்றம் மறியலில் வைத்துப் பாதுகாக்கும். குற்றம் ஒன்றும் இல்லை. தப்ப வேறு இடம் இல்லாததால் மறியல். இவனைப் போல இன்னும் பல பிள்ளைகள் உள்ளே இருக்கிறார்கள். போகும் வழியில் சோதனைச் சாவடியைத் தாண்டும்போது அவன் என் சட்டையைப் பின்னால் பிடித்தான். சின்னப் பிள்ளையாக இருந்தபோது பிடிப்பதுபோல். அங்கே, "உமக்குச் சம்மதமோ?" என்று கேட்டார்கள். "ஓம்" என்றான். என்னைப் பார்க்காமல் சொன்னான்.

கேர்ட்டா பொருளை அயலில் கொடுத்துவிட்டுப் பிள்ளையோடு போனாள். நான் பொருளோடு வீட்டில் இருந்துகொண்டு பிள்ளையைக் கொடுத்துவிட்டேன். இதை எழுத வெட்கமாக இருந்தது. எழுதினால் யாராவது வாசித்து அங்கேயும் கைவைப்பார்களோ என்ற பயம் அதைவிடப் பெரிது. கொடுத்த இடத்தின் பூட்டும் திறப்பும் யாருடைய கையில் இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும்.

கிழமைக்கொருதரம் கம்பி வலைக்கு இந்தப் பக்கம் நின்று பார்க்கிறோம். மெலிந்துவிட்டான். போன முறை யோகா அழத் தொடங்க, அவன் சிரித்துக்கொண்டு சொன்னான்: "அம்மா, இஞ்சை எனக்கு நித்திரை வருது. வீட்டில வரேல்லை."

அவனை வெளியே விடச் சொல்லிக் கேட்க வேண்டியவனும் நான்தான். எப்போது கேட்பது அக்கா? கேட்கிற அன்று மதகடியில் யார் நிற்பார்கள்?

நீங்கள் அவனுக்கு எழுதலாம். பொதுவான சுகவிசாரணைகள் மட்டும். உள்ளே கொடுக்கமுன் வாசித்துப் பார்ப்பார்கள்.

அத்தானுக்கும் கம்சாயினிக்கும் எங்கள் அன்பு.

குலேந்திரன்


ட்வெய்ட்டா, ஒஸ்லோ
17.06.2007

அன்பு மருமகன் சுபேசனுக்கு,

ஒஸ்லோ மாமி எழுதுகிறேன். நீ சுகமாக இருக்கிறாய் என்று அப்பா எழுதினார். சந்தோஷம். நாங்களும் நலம். இங்கே இப்போது கோடை, இரவு பத்து மணிக்கும் வெளிச்சம். கம்சாயினி சோதனை பாஸ் பண்ணிவிட்டாள். மச்சானிடம் இங்கத்தைச் சறுக்குப் பனியில் ஒருநாள் விழுத்திக் காட்டுகிறேன் என்று சொல்லச் சொன்னாள்.

வேளைக்குச் சாப்பிடு. நல்லாக நித்திரை கொள். அங்கே இடம் இருந்தால் மெல்லப் பாட்டுப் பாடு, ஆருக்கும் இடைஞ்சல் இல்லாமல்.

இதற்கு மேலே என்ன எழுதலாம் என்று எனக்குத் தெரியவில்லை. அதனால் இந்தக் கடிதத்தை உனக்கு முன்னால் வாசிக்கும் ஐயாவுக்கு இரண்டு வரி எழுதுகிறேன்.

ஐயா, வணக்கம். நீங்களும் உங்கள் குடும்பமும் நல்ல சுகத்தோடு இருக்க வேண்டும். பெயர் சுபேசன், வயது இருபது, இடது புருவத்தில் சின்னத் தழும்பு. உங்களிடம் நாங்கள் வைத்திருக்கத் தந்த பிள்ளை. பத்திரமாக வைத்திருங்கள். தகப்பன் உள்ளூரில் இருக்கிறார், நான் தூரத்தில் இருக்கிறேன். எங்களுக்குப் பயம்தான். ஆனாலும் கேட்டு வருவோம்.

அன்புடன்
மாமி சிவநாயகி